ட்ரிம் என்றொரு கப்பல் பூனை

வீட்டுப் பூனை செத்துப்போனால் அந்த வீட்டில் இருக்கிற எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்களாம். நாய் செத்தால் இன்னும் ஒரு படி மேலே.. தலை, உடம்பு எல்லாத்தையும் மழித்துவிடுவார்களாம். பழைய எகிப்தைப் பற்றி கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்த சமாச்சாரம் இது. நம்ம ஊரில் அப்பா போனால் மொட்டை போடுகிற மாதிரிதான். தெருவில் புருவம் இல்லாமல் ஒருத்தர் போனால் "ஓ.. இவங்க வீட்ல பூனை போயிடுச்சு போல" என்று ஊருக்கே தெரியும். யாரும் காரணம் கேட்க வேண்டியதில்லை.

எங்க வீட்டுப் பஞ்சு போன மாசம் போய்ச் சேர்ந்தது. எட்டரை வயசு, சிறுநீரகம் பழுதாகிப் போச்சு. ரெண்டு நாள் லீவு போட்டேன். "பூனைக்கா லீவு?" என்று கூட வேலை பார்க்கிற ஒருத்தர் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியம். "அந்தக் காலத்துல யாருங்க பூனைக்கெல்லாம் அழுதாங்க? இதெல்லாம் இப்ப வசதி வந்தப்புறம் வந்த பழக்கம்" என்றார்.

அந்த ரெண்டாவது வாக்கியம்தான் மனசில் நின்றுவிட்டது. அது ஒரு வரலாற்றுக் கேள்வி இல்லையா? அந்தக் காலத்தில் நிஜமாகவே யாரும் அழவில்லையா? சாஃப்ட்வேர் புத்தி, எதற்கெடுத்தாலும் லாக் எங்கே, தேதி என்ன என்று தேடும். தேடியதில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

எகிப்து: பாசமும் வியாபாரமும்

எகிப்து என்றதும் பூனை மம்மிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அங்கே ரெண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, பிரித்துப் பார்க்கணும்.

முதலாவது நிஜமான பாசம். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோடெப் என்ற மன்னனின் மூத்த மகன் துட்மோஸ், தன் பூனைக்குச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு சவப்பெட்டி செய்து வைத்தான். பூனையின் பேர் தா-மியூ. பெண் பூனை என்றுதான் அர்த்தம்! அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் பூனை உட்கார்ந்திருக்கிறது, அதற்கு முன்னால் படையல் மேசை. மனுஷன் செத்தால் எப்படிச் செதுக்குவார்களோ அப்படியே. இளவரசன் ராஜா ஆகாமலே செத்துப்போனான். பூனையின் பெட்டி இருக்கிறது.

ரெண்டாவது வியாபாரம். பிற்காலத்தில் பூனை முகம் கொண்ட பாஸ்டெட் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு காணிக்கை செலுத்துவதற்காகவே பூனைகளை வளர்த்து, இளசிலேயே கொன்று, மம்மி ஆக்கி விற்றார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பல மம்மிகளில் கழுத்து முறிக்கப்பட்டிருப்பது தெரிகிறது. 1888ல் பெனி ஹசன் பக்கம் இந்த மாதிரி மம்மிகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. 1890ல் அதில் சுமார் 19 டன் இங்கிலாந்தின் லிவர்பூலுக்குக் கப்பலேறியது. ஏறக்குறைய 1,80,000 பூனைகள் என்று கணக்கு. எதுக்கு? வயலுக்கு உரமாகப் போட!

ஆக, பூனையைக் கும்பிட்டார்கள் என்பதாலேயே பூனைக்காக அழுதார்கள் என்று சொல்லிவிட முடியாது. கோயிலுக்குப் போன பூனை வேறு, மடியில் படுத்த பூனை வேறு. தா-மியூவுக்கு ஒரு பேர் இருந்தது. (சரி, "பூனை" என்று பேர் வைத்தது கொஞ்சம் சோம்பேறித்தனம்தான்!)

நம்ம பக்கமும் சும்மா இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடு நடந்த சண்டையில் செத்துப்போன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவன் பக்கத்தில் ஒரு நாய். நாயின் பேர் கோவிவன் என்றும், அது கள்ளர் ரெண்டு பேரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு நடுகல் இருக்கிறது. வசதி வந்த பிறகு வந்த பழக்கமா இதெல்லாம்?

ஆனாலும் நாய் சண்டை போட்டது, சேவல் ஜெயித்துக் கொடுத்தது. பூனை என்ன செய்தது? ஒன்றும் செய்யாத ஒரு ஜீவனுக்காக ஒருத்தர் உட்கார்ந்து நினைவுக் குறிப்பு எழுதுவாரா? எழுதினார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

கடலில் பிறந்தவன்

மேத்யூ ஃப்ளிண்டர்ஸ். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. ஆஸ்திரேலியாவை முழுசாகச் சுற்றி வந்து அதன் கரையை வரைபடமாக்கியவர். அந்தக் கண்டத்துக்கு 'ஆஸ்திரேலியா' என்ற பேர் பரவலாகப் புழக்கத்துக்கு வர முக்கியக் காரணம் இவர்தான்.

ரிலையன்ஸ் என்ற கப்பல் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில், நடு இந்தியப் பெருங்கடலில் ஒரு பூனைக்குட்டி பிறந்தது. 1799 என்று எழுதுகிறார் ஃப்ளிண்டர்ஸ். உடம்பெல்லாம் கருப்பு, நாலு பாதமும் வெள்ளை, நெஞ்சில் நட்சத்திரம் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. குட்டியாக இருக்கும்போதே ஒரு தடவை தவறிக் கடலில் விழுந்துவிட்டது. அத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்போம்? நீந்தி வந்து, தூக்கிப் போட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டதாம். அன்றிலிருந்து கப்பலுக்கே செல்லம்.

பேர் ட்ரிம். லாரன்ஸ் ஸ்டெர்ன் எழுதிய 'ட்ரிஸ்ட்ரம் ஷாண்டி' நாவலில் வரும் விசுவாசமான வேலைக்காரன் கார்ப்பரல் ட்ரிம்மின் பேர்.

இந்தப் பூனை செய்த சேட்டைகளை ஃப்ளிண்டர்ஸ் எழுதியிருப்பதைப் படித்தால், பூனை வளர்த்த யாருக்கும் சிரிப்பு வரும், கூடவே தொண்டை அடைக்கும். சாப்பாட்டு மேசைக்கு முதல் ஆளாக வந்து உட்காருமாம். எல்லோருக்கும் பரிமாறி முடிக்கும் வரை பரம சாது. அப்புறம் ஒவ்வொருத்தரிடமும் ஒரு துண்டு வசூல். யாராவது பேச்சு சுவாரசியத்தில் முள்கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தால், வாய்க்குப் போகும் வழியிலேயே கறித்துண்டு காணாமல் போய்விடும்!

எனக்கு ரொம்பப் பிடித்தது கடிகாரக் கதை. நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க துல்லியமான கடிகாரம் வேண்டும். நிலாவையும் நட்சத்திரங்களையும் அளந்து, நேரத்தோடு வைத்துக் கணக்குப் போடணும். அந்தக் காலத்து ஜிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் இப்படி அளக்கும்போது ட்ரிம் போய்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். முள் நகர்வதை உற்றுப் பார்க்கும். பாதத்தால் தொட்டுப் பார்க்கும். டிக் டிக் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இது உயிருள்ளதா இல்லையா என்று சுற்றிச் சுற்றி வரும். வானியலில் ட்ரிம்முக்கு ஆர்வம் என்று ரொம்ப சீரியஸாக எழுதுகிறார் ஃப்ளிண்டர்ஸ். கீபோர்டு மேல் ஏறி உட்காரும் பூனையோடு வேலை பார்த்த எவருக்கும் இது புரியும் :-)

நடுவில் லண்டனில் ஒரு வீட்டில் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தார். கடலில் பிறந்தவனுக்குத் தரை ஒத்துவரவில்லை. வீட்டுக்காரம்மாவின் பீங்கான் சாமான்களுக்குத்தான் சேதாரம். திரும்பவும் கப்பலுக்கே கூட்டிக்கொண்டு போனார். 1801ல் இன்வெஸ்டிகேட்டர் கப்பல் கிளம்பியபோது ட்ரிம்மும் அதில். 1802-03ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்தபோது கூடவே இருந்தது.

அந்தக் கப்பலில் பங்கரீ என்று ஒருத்தர் இருந்தார். சிட்னிக்கு வடக்கே உள்ள பகுதியைச் சேர்ந்த பழங்குடி மனிதர். அந்தக் கண்டத்திலேயே பிறந்து, அதைக் கடல் வழியாகச் சுற்றி வந்தவர்களில் பேர் தெரிந்த முதல் ஆள். அவரும் ட்ரிம்மும் நல்ல சிநேகிதம். தாகம் எடுத்தால் ட்ரிம் பங்கரீயைப் பார்த்துக் கத்திவிட்டுத் தண்ணீர்ப் பீப்பாய் மேல் தாவும். பசித்தால் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய் அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு நேராகப் போகும். மிச்சம் வைத்த கருப்பு அன்னக் கறி அதில் இருக்கும் என்று அதற்குத் தெரியும்.

தீவில் தொலைந்தவன்

இனிமேல்தான் கஷ்டகாலம். இன்வெஸ்டிகேட்டர் உளுத்துப்போய் இனி உதவாது என்று ஆனது. 1803 ஆகஸ்டில் போர்பாய்ஸ் என்ற கப்பலில் ஊருக்குக் கிளம்பினார்கள். அது பவளத்திட்டில் மோதி உடைந்தது. ஆட்கள் மணல் திட்டில் ஒதுங்கினார்கள், ட்ரிம்மும்தான். ஃப்ளிண்டர்ஸ் ஒரு சின்னப் படகில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சிட்னிக்குத் திரும்பிப் போய், உதவிக் கப்பல்களோடு வந்து எல்லோரையும் மீட்டார்.

அப்புறம் கம்பர்லாண்டு என்ற 29 டன் கப்பலில் ட்ரிம்மோடு மறுபடி ஊருக்கு. கப்பல் ஒழுக ஆரம்பித்ததால் 1803 டிசம்பரில் மொரிஷியஸில் ஒதுங்கினார். அப்போது அது பிரெஞ்சுக்காரர்கள் வசம். பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் அந்த வருஷம் மே மாசமே மறுபடி சண்டை தொடங்கிவிட்டது, இவருக்குத் தெரியாது. கையில் இருந்த பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இன்வெஸ்டிகேட்டர் கப்பலுக்குக் கொடுத்தது, வந்ததோ வேறு கப்பல். ஆளுநர் டெகான் உளவாளி என்று சந்தேகப்பட்டு உள்ளே வைத்துவிட்டார். ஆறரை வருஷம்!

சிறையில் ட்ரிம்தான் துணை. ஆனால் காவல் சிப்பாய்கள் யாராவது அதை ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயம். ஒரு பிரெஞ்சு அம்மா தன் சின்ன மகளுக்குத் துணையாக வைத்துக்கொள்கிறேன் என்றதும் கொடுத்து அனுப்பினார். கொஞ்ச நாளிலேயே ட்ரிம்மைக் காணோம். தேடினார்கள், சன்மானம் அறிவித்தார்கள். கிடைக்கவே இல்லை.

1809 டிசம்பரில், இன்னும் அதே தீவில் கைதியாக, ஃப்ளிண்டர்ஸ் உட்கார்ந்து ட்ரிம்முக்கு ஒரு வாழ்க்கை வரலாற்று அஞ்சலி எழுதினார். தொலைந்து வருஷக்கணக்கில் ஆன பிறகு! பெரிய மனிதர்களுக்கு எழுதுகிற பாணியிலேயே, பிறப்பு, கல்வி, குணநலன், கடற்பயணங்கள், மறைவு என்று. பாதி கிண்டல் நடை. ஆனால் கடைசியில் கிண்டல் நின்றுவிடுகிறது. என்றாவது ஊர் திரும்பி ஒரு கூரை வீடும் கொஞ்சம் நிலமும் அமைந்தால், அதில் ஒதுக்குப்புறமான மூலையில் உனக்கு ஒரு நினைவுச் சின்னம் வைப்பேன் என்று பூனைக்கு வாக்குக் கொடுக்கிறார்.

இதில் என்னை உறுத்திய ஒரு இடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பட்டினியில் இருந்த அடிமை யாராவது பிடித்துச் சமைத்துத் தின்றிருக்கலாம் என்று எழுதுகிறார். மொரிஷியஸ் அப்போது அடிமைகளின் உழைப்பில் ஓடிய கரும்புத் தீவு. புதுச்சேரியிலிருந்து கொண்டுபோன தமிழ்க் கைவினைஞர்களும் அங்கே இருந்த காலம். பூனைக்குப் பேர் இருக்கிறது, பிறந்த கடல் இருக்கிறது, பாதத்தின் நிறம் கூட இருக்கிறது. ஒரு பூனையைத் தின்னும் அளவுக்குப் பசியில் இருந்ததாகச் சொல்லப்படும் மனிதனுக்குப் பேரும் இல்லை, அவன் செய்தான் என்பதற்குச் சாட்சியும் இல்லை. ட்ரிம்முக்காகக் கண் கலங்கும்போதே இந்த வரியும் கூட வந்து நிற்கிறது. பூனைக்கு அழுதது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் யார் கையில் பேனா இருக்கிறதோ அவர்கள் நேசித்தது மட்டும்தான் மிச்சமாகிறது.

1810ல் விடுதலை. ஊர் திரும்பினார், உடம்பு முடியவில்லை. அவருடைய பெரிய பயண நூல் 1814 ஜூலை 18ல் வெளியானது, மறுநாள் செத்துப்போனார். 40 வயது. கூரை வீடு அமையவில்லை, நினைவுச் சின்னமும் வைக்கவில்லை. ட்ரிம் பற்றிய கையெழுத்துப் பிரதி அவருடைய காகிதங்களோடு கிடந்து, 1970களில்தான் அச்சுக்கு வந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சிட்னியில் மிட்சல் நூலகத்துக்கு வெளியே ஃப்ளிண்டர்ஸின் சிலை 1925லிருந்தே நிற்கிறது. 1996ல் அதற்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், ட்ரிம்முக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்துக்காகச் செய்து 2014ல் திறந்து வைத்த சிலையில், ஃப்ளிண்டர்ஸ் குனிந்து வரைபடம் அளக்கிறார், பக்கத்தில் ட்ரிம். அவருடைய கல்லறை எங்கே என்றே அப்போது தெரியாது. 2019 ஜனவரியில் அதே யூஸ்டன் பக்கத்தில் புது ரயில்பாதைக்காகத் தோண்டும்போது கிடைத்தது. 2024 ஜூலையில் சொந்த ஊரான டானிங்டனில் மறுபடி அடக்கம் செய்தார்கள். ஆக, எஜமானின் எலும்பு கிடைப்பதற்கு 23 வருஷம் முன்னாலேயே பூனைக்குச் சிலை வந்துவிட்டது!

இன்னும் ரெண்டு பேர்

ட்ரிம் மட்டும் விதிவிலக்கு என்று சொல்லிவிடக் கூடாதே என்று இன்னும் ரெண்டு கதை.

ஷாக்கிள்டனின் எண்டுரன்ஸ் கப்பல் அண்டார்க்டிக் பனியில் சிக்கி நொறுங்கியது, 1915ல். கப்பல் தச்சர் ஹாரி மெக்னிஷின் பூனை மிஸஸ் சிப்பி. (ஆண் பூனை! கப்பல் கிளம்பிக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது.) கப்பலைக் கைவிட்ட பிறகு பனியில் இழுத்துக்கொண்டு போக முடியாது என்று 1915 அக்டோபர் 29ல் பூனையையும் சில நாய்க்குட்டிகளையும் சுடச் சொன்னார் ஷாக்கிள்டன். 28 பேர் உயிர் பிழைக்கணும், அவர் கணக்கு அது. மெக்னிஷ் அதை மன்னிக்கவே இல்லை என்கிறார்கள். அதே மெக்னிஷ் தேற்றிக் கொடுத்த சின்னப் படகில்தான் சுமார் 1,300 கிலோமீட்டர் கடந்து போய் உதவி கொண்டுவந்தார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஆனால் பனியில் ஒரு தடவை எதிர்த்துப் பேசினார் என்பதற்காகத் துருவப் பதக்கத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. 1930ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் செத்துப்போனார். 2004ல் அவர் கல்லறை மேல் ஒரு வெண்கலப் பூனையைப் படுக்க வைத்தார்கள். பதக்கம் இன்னும் வரவில்லை. பூனை வந்துவிட்டது.

அடுத்தவர் ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி. 1904ல் அவர் வீட்டுக்குள் தானாக வந்து புகுந்த ஒரு பூனையை வைத்துத்தான் 'நான் ஒரு பூனை' நாவலை எழுதிப் பெரிய ஆள் ஆனார். கடைசி வரை அதற்குப் பேரே வைக்கவில்லை. 1908 செப்டம்பர் 13ல் அது செத்தது. கருப்பு விளிம்பு போட்ட அஞ்சலட்டையில் சீடர்களுக்குத் துக்கச் செய்தி அனுப்பினார். பெட்டியில் வைத்துத் தோட்டத்தில் புதைத்தாச்சு, நான் நாவல் எழுதிக்கொண்டு இருப்பதால் யாரும் துக்கத்துக்கு வரவேண்டாம் என்று! ஆனால் பின்னால் பூனையின் கல்லறை பற்றி எழுதியதில் கிண்டல் கம்மி. அது நோயில் கிடந்தபோது வீட்டில் யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை, செத்த பிறகுதான் திடீரென்று எல்லோருக்கும் பாசம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறார். பூனையின் திதி வந்தால் அவர் மனைவி கல்லறை முன்னால் ஒரு துண்டு சால்மன் மீனும், மீன் தூவல் போட்ட ஒரு கிண்ணம் சோறும் வைப்பாராம்.

அந்தப் படையல் சோறு நமக்குப் புரியாதா என்ன?

கூட்டிக் கழித்துப் பார்த்தால்

"அந்தக் காலத்துல யாரு அழுதாங்க?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். எகிப்து இளவரசன் அழுதான். சிறையில் இருந்த மாலுமி அழுதார். பனியில் நின்ற தச்சர் அழாமல் கோபத்தைச் சுமந்தார். டோக்கியோ வீட்டில் ஒரு அம்மா மீன் வைத்தார். இதில் மெக்னிஷ் வசதியானவர் இல்லை. ட்ரிம்மைப் பற்றி எழுதியபோது ஃப்ளிண்டர்ஸிடம் சுதந்திரம் கூட இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஃப்ளிண்டர்ஸும் சோசெகியும் கிண்டலில்தான் ஆரம்பிக்கிறார்கள். பூனைக்குப் போய் அழுகிறாயா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் 1809லும் இருந்திருக்கும் போல. அதனால் சிரிக்கிற மாதிரி ஆரம்பித்து, நடுவில் எங்கேயோ நிஜத்தைச் சொல்லிவிடுகிறார்கள். எகிப்துக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. புருவத்தை மழித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள்.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்து போயிருந்தால், அதைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள். போட்டோ நிறைய இருக்கும். ஆனால் எந்த நேரத்தில் எந்தப் பாத்திரத்துக்கு நேராகப் போகும் என்பது போட்டோவில் வராது. ட்ரிம்மின் போட்டோ கிடையாது. பங்கரீயின் பாத்திரத்துக்கு அது போன வழி 200 வருஷம் தாண்டியும் நமக்குத் தெரிகிறது.

கொசுறு: ஃப்ளிண்டர்ஸின் மகள் வயிற்றுப் பேரன் யார் தெரியுமா? எகிப்தியத் தொல்லியலின் பெரிய பேர்களில் ஒருவரான ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி. எந்த மாநிலம் முதலில் தாத்தாவுக்குச் சிலை வைக்கிறதோ அதற்குத் தாத்தாவின் காகிதங்களைக் கொடுக்கிறேன் என்று இவர் சொன்னதால்தான் 1925ல் சிட்னியில் அந்தச் சிலையே வந்தது. அதற்குப் பின்னால்தான் இப்போது ட்ரிம் நிற்கிறது.